தெருமுனை வரை

ஒரு சிறுவன் மக்காச்சோளக் கொல்லையில் வரிசைகளை எண்ணிக்கொண்டே இருந்தான். எண்ணி முடித்ததும் திரும்ப முதல் வரிசைக்குப் போய்விடுவான். அவனை வைத்துப் பார்த்துக்கொண்ட விவசாயத் தம்பதி அதட்டவில்லை. குதிரை பூட்டிய கலப்பையை அவன் கையில் கொடுத்து, உழுதுகொண்டே எண்ணச் சொன்னார்கள். எதைக் கண்டாலும் அளந்து பார்ப்பது அவனுக்கிருந்த இன்னொரு வேகம். கிணறு தோண்டவிட்டு, ஆழத்தை அவனையே அளந்து சொல்லச் சொன்னார்கள். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் பொறுக்கிச் சேர்த்தான். அவற்றைப் புதைக்க ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் எழுதி அவன் நட்டுவைத்தான். 1945இல் அவனைப் பார்க்க வந்த மருத்துவர், அவன் ஆறு நீண்ட வரிசைகளை உழுததையும், ஒவ்வொரு வரிசை முடிவிலும் குதிரையை லாகவமாகத் திருப்பியதையும் வியப்போடு பதிவு செய்தார்.

அந்த மருத்துவர் லியோ கன்னர், பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்தவர். 1943இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை மூலம்தான் ஆட்டிசம் என்ற நிலை மருத்துவ உலகில் பரவலாக அறியப்பட்டது. அக்கட்டுரையில் வரும் முதல் குழந்தை இந்தச் சிறுவன்தான். பெயர் டொனால்ட் டிரிப்லெட், ஊர் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூர். கன்னர் அத்தோடு நிற்கவில்லை. 28 ஆண்டுகள் கழித்து, 1971இல், அந்தப் பதினொரு பேரும் வளர்ந்து என்ன ஆனார்கள் என்று தேடி எழுதினார். அரசுக் காப்பகங்களில் விடப்பட்டவர்கள் சிறுவயதில் இருந்த திறன்களையும் இழந்து முடங்கிப்போயிருந்தார்கள். டொனால்டோ கல்லூரியில் பிரெஞ்சு படித்துப் பட்டம் பெற்று, சொந்த ஊரில் வங்கி வேலையில் இருந்தார். கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், தனியாக நாடு நாடாகப் பயணம் போனார். பெற்றோர் காலமான பிறகும் அதே வீட்டில் வாழ்ந்தார். 2023 ஜூனில், தம் 89ஆம் வயதில் இறந்தார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை மற்ற பெற்றோருக்குச் செய்யும் அநியாயமாகிவிடும். டொனால்டின் அப்பா வழக்கறிஞர். டொனால்ட் வேலை பார்த்த வங்கி அம்மாவின் குடும்பத்துக்குச் சொந்தமானது. கறுப்பினத்தவர் ஒடுக்கப்பட்டிருந்த அன்றைய மிசிசிப்பியில் அது வசதியான வெள்ளையர் குடும்பம். ஆனால் அதே குடும்பம், மருத்துவர்களின் பேச்சைக் கேட்டு, மூன்று வயதில் அவரை ஒரு விடுதியில் விட்டிருந்தது. அங்கே பையன் வாடி ஒடுங்கிப்போனான். சுமார் ஓராண்டுக்குப் பின் பெற்றோர் அவனைத் திரும்ப அழைத்துவந்தார்கள். பணம் விடுதியில் விட்டபோதும் இருந்தது, பின்னர் பண்ணையில் விட்டபோதும் இருந்தது. பண்ணையில் கிடைத்தது வேறு: அவனுடைய எண்ணிக்கை யாருக்கோ தேவைப்பட்ட ஓர் இடம். பிற்காலத்தில் இரண்டு பத்திரிகையாளர்கள் அவரைத் தேடி ஃபாரஸ்டுக்குப் போனபோது, அவர் மனம் நோக ஏதாவது செய்தால் சும்மா விடமாட்டோம் என்று ஊர்க்காரர்கள் அவர்களை எச்சரித்தார்கள். ஒருவரை இப்படித் தன்னவராக வைத்துக்கொள்ளும் ஊர் எப்படி உருவாகிறது என்பதை அறிவியல் இன்னும் முழுமையாக விளக்கிவிடவில்லை. விளக்கிய அளவுக்கு இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

நம்மூரில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் நாலு பேர் கூடுகிற இடத்தில், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நிற்கும். "எங்க காலத்துக்கு அப்புறம் இவனை யாரு பாத்துப்பா?" ஸ்பீச் தெரபிக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருக்கும்போதும் கேட்டிருக்கிறேன், கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் மெல்லிய குரலில் சொல்லியும் கேட்டிருக்கிறேன். பிள்ளைக்கு மூன்று வயதாகும்போதே அந்தக் கேள்வி முளைத்துவிடுகிறது. ஆனால் அதற்குப் பதில் தேடும் வேலை பெரும்பாலும் பதினேழு, பதினெட்டு வயதில்தான் தொடங்குகிறது. இந்தப் பத்துப் பதினைந்து ஆண்டு இடைவெளிதான் என்னை உறுத்துவது.

பதினெட்டில் என்ன நடக்கிறது? இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களைப் பட்டியலிட்டு, அவற்றில் ஒன்றாக ஆட்டிசத்தையும் சேர்த்தது. சட்டம் வரையறுக்கும் அளவுக்கு மாற்றுத்திறன் உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. அந்த உரிமையின் மேல் எல்லை பிறந்தநாள் கேக்கோடு வந்துவிடுகிறது. அதுவரை காலையில் யூனிஃபார்ம், வேன், டிபன் பாக்ஸ், மதியம் தூக்கம், மாலையில் தெரபி என்று ஓடிய நாள், திடீரென்று வெறும் நாளாகிவிடுகிறது. அட்டவணையைப் பிடித்துக்கொண்டு வாழ்கிற ஒரு பிள்ளைக்கு அட்டவணை காணாமல்போவது என்னவாக இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நமக்கு அது ஓய்வு. அவனுக்குத் தரை நழுவுவது.

அமெரிக்காவில் சிறப்புக் கல்விச் சட்டம் இன்னும் சற்று நீள்கிறது. 21 வயது முடியும்வரை பள்ளியின் உதவி உண்டு. 16 வயதுக்குள் பெரியவராவதற்கான திட்டம் எழுதப்பட வேண்டும் என்பதும் சட்டம். அப்படியிருந்தும் பால் ஷாட்டக் என்ற ஆய்வாளரின் குழு 2012இல் வெளியிட்ட கணக்கு சோர்வு தருவது. பள்ளிப் படிப்பை முடித்த ஆட்டிச இளைஞர்களில், முதல் ஆறு ஆண்டுகளில் கல்லூரியை எட்டிப் பார்த்தவர்கள் சுமார் 35 சதவீதம், சம்பளம் உள்ள ஏதோ ஒரு வேலையில் இருந்தவர்கள் சுமார் 55 சதவீதம். பள்ளியை விட்டு இரண்டு ஆண்டுகூட ஆகாதவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் படிப்பிலும் இல்லை, வேலையிலும் இல்லை. இந்தச் சரிவை அங்கே செங்குத்துப் பாறையின் விளிம்பு என்றே பேசுகிறார்கள்.

எண்ணிக்கையும் பெருகுகிறது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2000ஆம் ஆண்டில் 8 வயதுக் குழந்தைகளில் 150 பேருக்கு ஒருவர் என்றது. 2022ஆம் ஆண்டுக் கணக்கில் அது 31 பேருக்கு ஒருவர். அடையாளம் காணும் முறையும் வரையறையும் விரிந்தது இதற்குப் பெரிய காரணம். இங்கே நமக்கு வேண்டியது எளிய கூட்டல் கணக்கு: 2000இல் 8 வயதாக இருந்தவர்கள் இன்று முப்பதைத் தாண்டிவிட்டார்கள். ஆட்டிசம் என்றதும் சுவரொட்டிகளில் இன்னும் சின்னக் குழந்தைதான் சிரிக்கிறது.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மார்ஷா மைலிக் தலைமையில் 1998இல் தொடங்கிய ஆய்வு ஒன்று பள்ளி முடியும் வயதைப் புரிந்துகொள்ள எனக்கு மிகவும் உதவியது. நானூறுக்கும் மேற்பட்ட குடும்பங்களை அவர்கள் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். வளரிளம் பருவத்தில் பெரும்பாலான பிள்ளைகளின் நிலை மெல்ல மெல்ல முன்னேறிக்கொண்டிருந்தது. கோபமும் தன்னைக் காயப்படுத்திக்கொள்வதும் குறைந்தன, பேச்சும் பழக்கமும் கூடின. பள்ளியை விட்டு வெளியே வந்ததும் அந்த முன்னேற்றத்தின் வேகம் தளர்ந்தது. அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. குளிப்பது, சமைப்பது, துணி துவைப்பது போன்ற அன்றாடத் திறன்கள் இருபதுகளின் முற்பகுதி வரை வளர்ந்துகொண்டே போய், பிற்பகுதியில்தான் நிலைகொள்கின்றன. இரண்டையும் சேர்த்துப் படித்தால் வயிறு கலங்கும். கற்றுக்கொள்ளும் சன்னல் இன்னும் திறந்திருக்கிறது. வகுப்பறையைத்தான் நாம் பூட்டிவிட்டோம்.

மூளையைப் பொறுத்தவரையும் பதினெட்டு என்பதற்குப் பொருள் இல்லை. திட்டமிடுவது, ஆசையை அடக்குவது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது ஆகியவற்றுக்கு வேண்டிய நெற்றிப்புற மூளை எல்லா மனிதருக்குமே இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்கிறது. குழந்தைப் பருவத்தில் அளவுக்கு மிஞ்சி முளைத்த நரம்பு இணைப்புகளை, வளரும் வயதில் மூளை கவாத்து செய்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் குவோமெய் டாங்கும் டேவிட் சல்சரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், இறந்த குழந்தைகளின், இளைஞர்களின் மூளைத் திசுக்களைப் பார்த்தார்கள். மற்றவர்களிடம் இந்த இணைப்பு முனைகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தன. ஆட்டிசம் உள்ளவர்களிடம் 16 சதவீதம்தான் குறைந்திருந்தது. ஐம்பதுக்கும் குறைவான மூளைகளைப் பார்த்த ஆய்வு இது என்பதால் இதிலிருந்து பெரிய கோட்டை கட்டக்கூடாது. ஆனால் ஒலியும் வெளிச்சமும் ஒரே சமயத்தில் வெள்ளமாக உள்ளே வருவதாக ஆட்டிசம் உள்ள பலர் சொல்லும் அனுபவத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கத் தோன்றுகிறது.

உடம்பு இதற்கெல்லாம் காத்திருப்பதில்லை. மீசை அரும்புவதும் மார்பு வளர்வதும் மாதவிடாய் வருவதும் மற்றவர்களைப் போலவே வருகின்றன. வீட்டில் இதைப் பற்றிப் பேசும் வழக்கம் நமக்குக் குறைவு. மற்றப் பிள்ளைகள் தோழர்களிடமும் போனிலும் அரையும் குறையுமாகவாவது தெரிந்துகொள்கிறார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அந்தப் பின்வாசலும் இல்லை. ஐந்து வயதில் வீட்டுக்கு வரும் எல்லாரையும் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தபோது, "எவ்வளவு பாசம் பாருங்க" என்று சிரித்தவர்கள்தான் நாம். பதினாறு வயதில் அதே பையன் அதே அணைப்போடு பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண்ணிடம் போனால் அடி விழும். விதியை மாற்றியது நாம், சொல்லாமல் மாற்றியதும் நாம். வணக்கம் சொல்வது அல்லது கை கொடுப்பது என்பதை ஐந்து வயதிலேயே வழக்கமாக்கிவிட்டால் பதினாறில் எதையும் பிடுங்க வேண்டியிருக்காது.

உடம்பைத் தொட்டு இன்பம் காண்பதும் இந்த வயதில் இயல்பு. அடிப்பதும் சூடு வைப்பேன் என்று மிரட்டுவதும் பயத்தைத்தான் கற்றுத் தரும். தாழ் போட்ட தன் அறை, குளியலறை என்று இடத்தைக் காட்டிக் கற்றுத் தரலாம். எந்த இடத்தில் எது என்பதை அவர்கள் நம்மைவிடக் கறாராகப் பிடித்துக்கொள்வார்கள். தனி இடம், பொது இடம் என்ற பிரிவு தெளிவாகத் தெரிந்த பிள்ளைக்கு, தன் உடம்பை இன்னொருவர் தொடக்கூடாது என்பதைச் சொல்லித் தரவும் வழி திறக்கிறது. பாலியல் வன்முறைக்கு அதிகம் ஆளாகிறவர்கள் இவர்கள். சொல் பேச்சு கேட்பது ஒன்றையே ஆண்டுக்கணக்கில் பழக்கிவிட்டு, முடியாது என்று சொல்லப் பழக்காமல் விட்டது நம் தெரபி அறைகளின் பெரிய பிழை.

பெண் பிள்ளைகளுக்கு நாப்கினின் ஒட்டும் ஓசையும் உரசலும் வாசனையும் தாங்க முடியாமல் போகலாம். முதல் மாதவிடாய் வருவதற்கு ஓராண்டுக்கு முன்பே, வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் அதை வைத்துப் பழக்குகிற அம்மாக்கள் உண்டு. எப்போது வரும், என்ன செய்ய வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்பதைப் படங்களோடு அவளே பேசுவது போன்ற சின்னக் கதையாக எழுதிக் குளியலறைச் சுவரில் ஒட்டுவார்கள். இப்படிச் சமூகக் கதைகள் எழுதும் முறையை அமெரிக்க ஆசிரியை கேரல் கிரே 1990களில் பரப்பினார். இதோடு எனக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. பட்டுச்சேலையின் கனம், பூ வைத்துப் பின்னிய ஜடையின் இழுப்பு, மைக் செட், ஃபிளாஷ் வெளிச்சம், கன்னத்தில் சந்தனம் பூசும் ஐம்பது கைகள் என்று ஒரு மஞ்சள் நீராட்டு விழாவை இந்தப் பெண்ணுக்கு நடத்த வேண்டுமா என்பதை அவளைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொரு செய்தியும் பெற்றோர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆட்டிசத்தோடு சிலருக்கு வரும் வலிப்பு நோய் பெரும்பாலும் சிறு குழந்தைப் பருவத்திலோ வளரிளம் பருவத்திலோ தலைகாட்டும். பள்ளியில் கண் நிலைகுத்தி நின்றான் என்றால் கவனக்குறைவு என்று விட்டுவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. அமைதியாக இருந்த பிள்ளை திடீரென்று அடிக்கத் தொடங்கினால் முதலில் உடம்பைப் பாருங்கள். பல்வலி, மலச்சிக்கல், காதுவலி, மாதவிடாய் வலி எதுவாகவும் இருக்கலாம். உள்ளே என்ன நடக்கிறது என்பதை உணர்வதும் அதற்கு ஒரு பெயர் கொடுப்பதும் இவர்களில் பலருக்குக் கடினம்.

பேச்சு வராதவர்களுக்குப் படமோ கருவியோ குரலாகலாம். சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய ஆவாஸ் செயலி, படங்களைத் தொட்டால் வாக்கியமாகப் பேசும், தமிழிலும் பேசும். "பதினைந்து வயசாச்சு, இனிமே எதுக்கு" என்று சொல்லும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். வலிக்கிறது என்று சொல்ல எந்த வயதிலும் ஒரு வழி வேண்டும்.

இனி, கற்றுக்கொடுப்பது. ஒரு சிறப்புப் பள்ளியில் கடை வைத்து விளையாடும் பாடத்தைப் பார்த்தேன். மேசைமேல் பிளாஸ்டிக் தக்காளி, அட்டைக் காசு. பதினான்கு வயதுப் பையன் ஒருவன் பிழையில்லாமல் வாங்கினான், பிழையில்லாமல் மீதி எண்ணினான். அதே பையன் அண்ணாச்சி கடை வாசலில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டதாக அவன் அம்மா சொன்னார். இதில் வியப்பில்லை. ஆட்டிசம் உள்ளவர்கள் ஒரு திறனைக் கற்கும்போது அந்த இடத்தையும் அந்த மேசையையும் அந்த ஆசிரியரின் குரலையும் சேர்த்தே கற்கிறார்கள். ஒன்றைக் கற்று வேறோர் இடத்துக்கு எடுத்துப் போவது அவர்களுக்குத் தனியாகக் கற்க வேண்டிய இன்னொரு பாடம். அண்ணாச்சி கடையில் மண்ணெண்ணெய் வாசம், சாக்கு மூட்டை, முண்டியடிக்கும் மூன்று பேர், "என்ன தம்பி வேணும், சீக்கிரம் சொல்லு" என்ற குரல், பணம் வந்துவிட்டதாகக் கத்தும் ஸ்பீக்கர் பெட்டி. எங்கே பயன்பட வேண்டுமோ அங்கேயே கற்றுக்கொடுத்தால் ஒரு பாடம் மிச்சம். கூட்டமில்லாத மதியம் மூன்று மணியில் தொடங்கலாம்.

கற்றுத் தரும் வரிசையிலும் ஒரு நுட்பம் உண்டு. வீட்டில் காபி போடுவதை எடுத்துக்கொள்வோம். பாக்கெட்டைக் கழுவி, ஓரத்தை வெட்டி, பாலைப் பாத்திரத்தில் ஊற்றி, அடுப்பைப் பற்றவைத்து, பொங்கி வரும்போது அணைத்து, டிகாக்‌ஷன் விட்டு, சர்க்கரை போட்டு, ஆற்றி, அப்பாவிடம் கொடுக்க வேண்டும். நாம் முதல் படியிலிருந்து தொடங்கி, பாதியில் பொறுமை இழந்து, "தள்ளு, நானே போடுறேன்" என்று முடிப்போம். பிள்ளையின் கையில் மிஞ்சுவது பாதி வேலையும் ஒரு திட்டும். இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள் பயிற்சியாளர்கள். எல்லாவற்றையும் நாம் செய்துவிட்டு, ஆற்றிக் கொடுக்கும் கடைசிப் படியை மட்டும் பிள்ளையிடம் விடுவது. அது கைவந்ததும் சர்க்கரையிலிருந்து அவன் வேலை. அடுத்து டிகாக்‌ஷனிலிருந்து. ஒவ்வொரு நாளும் பாடம் முடியும்போது அவன் கையில் நுரை பொங்கும் ஒரு டம்ளர் இருக்கும், "நல்லா இருக்குடா" என்று ஒருவர் குடித்துக்கொண்டிருப்பார். முடிந்த வேலைதான் அடுத்த நாளுக்கு இழுக்கும்.

பெற்றோரைப் பற்றி இதுவரை நான் அவர்கள் செய்ய வேண்டியவற்றையே அடுக்கிவிட்டேன். அவர்களுக்கு யார் என்ன செய்கிறார்கள்? மைலிக்கின் குழு, வளர்ந்த ஆட்டிசப் பிள்ளைகளின் அம்மாக்களிடம் நாள் முழுதும் எச்சில் மாதிரி எடுத்துக் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனை அளந்தது. போர்க்களத்திலிருந்து திரும்பிய படைவீரர்களிடம் காணப்படுவது போல, நீண்டகால அழுத்தத்தில் அந்த ஹார்மோன் அடங்கிப்போயிருந்தது. மற்ற அம்மாக்களைவிட நாளொன்றுக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் அதிகமாக அவர்கள் பிள்ளையைக் கவனிப்பதில் செலவிட்டார்கள். ஆனால் தோழிக்கு ஆறுதல் சொல்வது போன்ற நல்ல அனுபவங்களில் அவர்கள் யாருக்கும் குறைந்திருக்கவில்லை. அந்த ஆய்வில் நான் திரும்பத் திரும்பப் படிக்கும் வரி அதுதான்.

இன்னோர் எளிய சோதனை. அம்மாவிடம், உங்கள் பிள்ளையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுங்கள் என்று சொல்லி, குறுக்கிடாமல் பதிவு செய்தார்கள். அந்தப் பேச்சில் எவ்வளவு கனிவு, எவ்வளவு பாராட்டு, எவ்வளவு குறை என்று பிறகு எடைபோட்டார்கள். 149 குடும்பங்களை வைத்து 2008இல் வெளியான முடிவின்படி, கனிவும் பாராட்டும் கூடியிருந்த வீடுகளில் அடுத்த ஒன்றரை ஆண்டில் பிள்ளைகளின் நடத்தைச் சிக்கல்கள் குறைந்திருந்தன. ஆட்டிசத்துக்கு அம்மாவின் உணர்ச்சியற்ற வளர்ப்பே காரணம் என்று 1950களிலும் 60களிலும் மருத்துவம் சுமத்திய பழி பொய்யாகிப் பல காலமாகிவிட்டது. இந்த முடிவை அந்தப் பழியின் புது வடிவமாக யாரும் படிக்க வேண்டாம். சோர்ந்துபோனவர் வாயில் பாராட்டு வராது. அதனால் சோர்வைக் குறைக்க வழி தேட வேண்டும். விஸ்கான்சின் குழு அதற்கும் ஒரு முறையை வகுத்தது. எட்டு வாரம், வாரம் ஒரு முறை, பெற்றோர் ஓர் அறையில் கூடி, வேலை, சட்டம், நோய், தனக்குப் பின் என்ன என்பதைப் பேசிச் சேர்ந்து தீர்வு தேடுவார்கள். அதே நேரம் பிள்ளைகள் பக்கத்து அறையில் தங்களுக்குள் பழகுவார்கள். 41 குடும்பங்களில் சோதித்தபோது பெற்றோரின் மனச்சோர்வு குறைந்தது, சிக்கலை எதிர்கொள்ளும் திறன் கூடியது. இதற்குப் பெரிய கட்டடமோ கருவியோ வேண்டாம். நூலக மாடியோ சத்திரத்துக் கூடமோ போதும், நம்மூரில் செய்யக்கூடியது.

அந்தப் பக்கத்து அறை முக்கியமானது. தானே ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டிஷ் அறிஞர் டேமியன் மில்டன் 2012இல் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: அவர்களுக்கு நம்மைப் புரியாத அளவுக்கு நமக்கும் அவர்களைப் புரிவதில்லை. பிறகு வந்த ஒரு சோதனையில், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒரு கதையைக் கடத்தச் சொன்னார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த வரிசையில் கதை மற்றவர்கள் வரிசையைப் போலவே சிதையாமல் போய்ச் சேர்ந்தது; இரு பிரிவினரும் கலந்திருந்த வரிசையில்தான் அதிகம் உதிர்ந்தது. ஒரு பதின்ம வயதுப் பிள்ளைக்குத் தன்னைப் போன்ற ஒரு தோழன் கிடைப்பதற்கு ஈடாக எந்தத் தெரபியையும் நான் சொல்லமாட்டேன்.

வேலை விஷயத்தில் நம்பிக்கை தரும் சோதனை ஒன்று உண்டு. 1996இல் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையின் அவசரப் பிரிவை நடத்திய எரின் ரீலி, அங்கே மருந்துப் பொருள்களை அடுக்கிவைக்கும் வேலைக்கு மாற்றுத்திறனாளி இளைஞர்களைப் பழக்கத் தொடங்கினார். புராஜெக்ட் சர்ச் என்ற பெயரில் அது பரவியது. பள்ளியின் கடைசி ஆண்டு முழுவதும் வகுப்பு மருத்துவமனைக்குள்ளேயே நடக்கும். சில மாதங்களுக்கு ஒரு பிரிவு என்று மாறி மாறி வேலை பழகுவார்கள். வர்ஜீனியாவில் ஆட்டிசம் உள்ள 40 இளைஞர்களை வைத்துச் செய்த ஒப்பீட்டின் முடிவு 2014இல் வந்தது. இந்தப் பயிற்சி பெற்ற 24 பேரில் 21 பேர் வேலையில் அமர்ந்தார்கள். வழக்கமான பள்ளிப் பயிற்சி மட்டும் பெற்ற 16 பேரில் ஒருவர். சிறிய சோதனைதான், ஆனால் இவ்வளவு பெரிய வேறுபாட்டைச் சமூக அறிவியலில் காண்பது அரிது. இந்தியச் சட்டம் அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதம் ஒதுக்கி, அதில் 1 சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ளிட்ட பிரிவுகளுக்கு வைத்திருக்கிறது. அந்த நாற்காலி வரை ஒரு பிள்ளையை நடத்திக் கொண்டுபோக, அவன் பள்ளியில் இருக்கும்போதே ஓர் உண்மையான பணியிடம் கதவைத் திறக்க வேண்டும்.

பதினெட்டு முடிந்ததும் சட்டத்தின் கண்ணில் அவர் பெரியவர், பெற்றோர் இயல்பான காப்பாளர் இல்லை. வங்கியில் கையெழுத்துக் கேட்கும்போதுதான் பல வீடுகளில் இது தெரியவருகிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய உள்ளூர்க் குழுவிடம் காப்பாளர் நியமனம் கேட்கலாம். அதே அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. 2016 சட்டமோ முழு அதிகாரத்தையும் இன்னொருவரிடம் கொடுப்பதைவிட, இருவரும் கலந்து முடிவெடுக்கும் வரையறுத்த காப்பாண்மையை முன்வைக்கிறது. எனக்கு இந்த இரண்டாவது பார்வையே பிடித்திருக்கிறது. காகிதம் வேண்டியவர்கள் வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் நீலச் சட்டையா பச்சைச் சட்டையா என்று ஏழு வயதில் யாரும் கேட்காத பிள்ளையால், எங்கே யாரோடு இருக்க விருப்பம் என்ற கேள்விக்கு இருபதில் பதில் சொல்ல முடியாது. கேட்டபின் அவன் தேர்ந்ததை நாம் மாற்றாமல் இருக்கவும் வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, பதினேழு வயது மகனைத் தனியாகப் பால் வாங்க அனுப்பப் பழக்கினார். அவன் அதிகம் பேசமாட்டான். முதல் வாரங்களில் இவரும் கடை வரை போனார், கடைக்காரரிடம் பேசியது அவன். பிறகு கடைக்கு எதிர்ப்பக்கம் நின்றார். பிறகு இரண்டு வீடு தள்ளி, மின்கம்பத்தடியில். கடைக்காரரிடமும் அயர்ன் வண்டிக்காரரிடமும் முன்பே சொல்லிவைத்திருந்தார். ஒருநாள் நாய் துரத்த, பையன் பாக்கெட்டைப் போட்டுவிட்டு நடுத்தெருவில் காதைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டான். இவர் ஓடவில்லை, ஓடக்கூடாது என்று கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதாகச் சொன்னார். அயர்ன் வண்டிக்காரர் இறங்கி வந்து நாயை விரட்டி, தொடாமல், பக்கத்திலேயே நின்றார். கொஞ்ச நேரத்தில் பையன் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு நடந்தான்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் தெருமுனை வரை மட்டும் போனார். சென்ற வாரம் பேசியபோது, இப்போது வாசலில்தான் நிற்கிறேன் என்றார். "உள்ளே உக்காந்திருக்க முயற்சி பண்றேன், இன்னும் முடியல."